பூஜ்யத்துக்கு லட்டு

என் தொழில் சந்தேகப்படுவது. பெண்டாட்டி மேல் சந்தேகப்படுகிறவனை ஊர் காறித் துப்பும். இரும்பின் மேல் சந்தேகப்பட்டால் மாதச் சம்பளம் கொடுப்பார்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், இருசக்கர வண்டிக்கு புஷ் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் நான் தர ஆய்வாளன். புஷ் என்றால் ஒன்றுமில்லை, கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓர் இரும்பு வளையம். தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொரு தட்டிலும் ஐந்தை எடுத்து அளக்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. முன்னால் ‘சார்’ என்பார்கள். பின்னால் என் பெயர் ‘சிவப்பு டப்பா’ என்று கேள்வி. விசாரித்ததில் உண்மைதான்.

இந்தப் புத்தியை வாசலில் செருப்போடு கழற்றிவைக்கத் தெரியாது எனக்கு. கல்யாணமான புதிதில், “இட்லியெல்லாம் ஒரே கனமா இல்லையே” என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு வாரம் உப்புமா. என் மனைவி குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டாள். விடையை மட்டும் எழுதி அடிக்கோடு போட்டுவிடுவாள்.

எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கே நான்தான் தாமதம். மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் மூன்று மாதம் முந்தி வந்துவிட்டான். எடை தொள்ளாயிரத்துப் பத்து கிராம். என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஓர் இரும்புக் கட்டி வைத்திருக்கிறேன். அது அவனைவிடக் கனம்.

தாம்பரத்தில், தண்டவாளத்துக்குக் கிழக்கே ஓர் ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடியில், குறைமாதக் குழந்தைகளுக்கான அறை. அம்மாக்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அப்பாக்களுக்குக் காலை பதினொன்றிலிருந்து அரை மணி, மாலை நாலிலிருந்து அரை மணி. வாசலில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டி, அவர் பார்வையில் தேறினால்தான் உள்ளே.

“இன்னா சார், மோதிரத்த கயட்டலையா?”

“வரலைக்கா. விரல் பெருத்துப்போச்சு.”

“விரல் மட்டுமா? சோப்பு போட்டு இஸ்து வுடு. உள்ளார கீறது பச்ச மண்ணு. உன் மோதிரத்த பாக்க அது வரல.”

ஏழு வருடமாகக் கழற்றாத மோதிரம் அன்று கழன்றது. ஆயிரம் பேரைச் சிவப்பு டப்பாவில் போட்டவனை ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்த அக்கா போட்டார்.

அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் மனைவி பெயரை எழுதி, பக்கத்தில் ‘குழந்தை’ என்று போட்டிருந்தார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. பெட்டிக்குள் மூக்கிலும் வாயிலும் குழாய், மார்பில் மூன்று ஒயர், பாதத்தில் சிவப்பு வெளிச்சம். சுற்றிலும் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணைப் பார்த்தால் தைரியம் வருகிற ஜாதி நான். ஆனால் அங்கே எந்த எண் ஏறினால் நல்லது, எது இறங்கினால் நல்லது என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள், பெட்டியின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்குவதைப் பார்த்தேன். ஆறு வரி, நிறையக் கட்டம். எங்கள் ஆய்வு அறிக்கையின் தம்பி மாதிரி இருந்தது.

“இது என்ன சிஸ்டர்?”

“வலி மார்க் சார்.”

“யாருக்கு வலி?”

“எனக்கா எழுதிக்குவேன்? குட்டிக்குத்தான்.” அந்த சிஸ்டர் பல்லாவரத்துக்காரர். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணாலேயே நம்மைக் கிண்டல் பண்ணிவிடுவார். “பெரியவங்கன்னா எங்க வலிக்குதுன்னு கேக்கலாம். இவங்கள எப்படிக் கேக்கறது? பாத்துத்தான் எழுதணும். மூஞ்சி சுருங்கிச்சுன்னா ஒண்ணு. முனகினா ஒண்ணு, கத்தினா ரெண்டு. மூச்சு தாறுமாறா போச்சுன்னா ஒண்ணு. கை விறைச்சா ஒண்ணு, கால் விறைச்சா ஒண்ணு. நிலைகொள்ளாம தவிச்சா ஒண்ணு. மொத்தம் ஏழு.”

“ஏழுன்னா?”

“ஏழுன்னா ரொம்ப வலிக்குது. பூஜ்யம்னா இல்ல.”

அந்த அறையில் எனக்குப் புரிந்த முதல் காகிதம் அது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவன் பிழைப்பானா என்று யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. வலிக்கிறதா என்பதையாவது நான் தெரிந்துகொள்ளலாம். அதற்குத்தான் தாள் இருக்கிறதே.

மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மேல்மாடியில் அம்மாக்கள் அறையில் படுத்திருந்தாள்.

“பொறந்த ரெண்டாம் நாளே பரீட்சையா?” என்றாள். “என்கிட்ட அந்தப் பேப்பரக் காட்டாதீங்க.”

கடைசி வரை அவள் அதைப் பார்க்கவில்லை.

தினமும் பதினொரு மணிக்கு அவன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். குத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விடுவார்கள். இனிப்பு உள்ளே போனால் வலி கொஞ்சம் மட்டுப்படுமாம். எங்கள் பரம்பரையில் எல்லோருக்கும் சர்க்கரை. நானே மாத்திரையில் ஓடுகிறவன். “இப்பவே ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று கேட்டேன். சிஸ்டர் சிரித்தார். அதற்குள் குத்தியாகிவிட்டது.

அவன் முகம் கசங்கியது. வாய் அகலமாகத் திறந்தது. விரல்கள் விரிந்து விறைத்தன, கால் உதறியது. எல்லாம் நடந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தொலைக்காட்சியில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்த மாதிரி.

“அழலையே சிஸ்டர். அழுகைக்குப் பூஜ்யம்தானே?”

“குழாய் தொண்டைய அடைச்சுக்கினு இருக்கு சார், சத்தம் எப்படி வரும்? வாயப் பாருங்க. அதுவும் அழுகைதான். அதுக்கும் மார்க் உண்டு.” இரண்டு என்று எழுதினார்.

மறுநாள் பட்டறையிலிருந்து ஓர் ஆய்வு அறிக்கைத் தாளை உருவிக்கொண்டு வந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அளந்ததை நம்பக் கூடாது. இன்னொருவர் அதையே அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். அதனால் நானும் போட்டேன். அவர் ஐந்து என்றால் நான் மூன்று. அவர் நாலு என்றால் நான் இரண்டு. நெற்றி சுருங்கியதை வெளிச்சம் கூசியது என்றேன். கால் உதறியதை உதை பழகுகிறான் என்றேன். வெளியே தாம்பரத்துப் பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாக இரைந்துபோனால், அவன் தவித்ததை அதன் கணக்கில் எழுதினேன்.

சிஸ்டர் என் தாளை வாங்கிப் பார்த்தார்.

“ஊர்ல அப்பாங்க எல்லாம் புள்ளைக்கு மார்க் பத்தலைன்னு சண்டைக்கு வருவாங்க. குறைங்கன்னு வந்தது நீங்க ஒருத்தர்தான் சார்.”

பட்டறையில் இப்படி அளக்கிறவனை வேலையை விட்டுத் தூக்கியிருப்பேன்.

நாலாம் நாளிலிருந்து என் மனைவி மெல்ல நடந்து வர ஆரம்பித்தாள். குத்தும்போது பெட்டியின் பக்கத்துத் துளை வழியாக இரண்டு கையையும் உள்ளே விட்டாள். ஒரு கை அவன் தலைக்கு மேல் தொப்பி மாதிரி. இன்னொரு கையால் இரண்டு காலையும் மடக்கி, வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தட்டவில்லை, தடவவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள். முகம் கசங்கியது, ஆனால் சீக்கிரம் விரிந்தது. குத்தின காலை அவள் விரலுக்குள் இழுத்துக்கொண்டான். சிஸ்டர் மூன்று போட்டார். நானும் மூன்று. முதல் முறையாக எங்கள் அளவு ஒத்துப்போனது.

எங்கள் அறிக்கையின் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் ‘திருத்த நடவடிக்கை’. பிழை வந்தால் என்ன செய்து சரிபண்ணினோம் என்று அதில் எழுத வேண்டும். ‘அம்மா கை’ என்று எழுதினேன். ஐந்து மூன்றானது அந்தக் கையால்தான். அடுத்த எட்டு நாளும் அந்தக் கட்டத்தில் அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு நான் போனபோது மனைவி மாடியில் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டதென்று சிஸ்டர் குத்தினார். நான் தாளோடு தயாராக நின்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. முகம் சுருங்கவில்லை. வாய் திறக்கவில்லை. விரல்கள் பூப்போலத் தளர்ந்து கிடந்தன. ஆறு வரியிலும் பூஜ்யம் போட்டேன். சிஸ்டரின் தாளை எட்டிப் பார்த்தேன். அவரும் பூஜ்யம். பேனாவைக்கூட மூடாமல் விறுவிறுவென்று டாக்டர் அறைக்குப் போனார். நல்ல செய்தி சொல்லத்தான் இவ்வளவு வேகம் என்று நினைத்தேன்.

பட்டறையில் இன்னொரு வழக்கம். எங்கள் சரக்கில் ஒன்றுகூடத் திரும்பி வராமல் ஒரு மாதம் போனால், எல்லோருக்கும் லட்டு. நானே போய் வாங்கி வருவேன். சிவப்பு டப்பாவைப் பார்த்து ஆட்கள் சிரிக்கிற ஒரே நாள் அதுதான். அன்று அரை மணி முடிந்து வெளியே வந்ததும் எனக்குத் தோன்றியது அந்த லட்டுதான். தாம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஒரு கிலோ வாங்கினேன். குடும்ப வாட்ஸப் குழுவில் ‘வலி பூஜ்யம்’ என்று போட்டேன். மாமாக்கள் கைகூப்பினார்கள். அத்தைகள் பூங்கொத்து அனுப்பினார்கள்.

நாலு மணிக்கு டப்பாவோடு போனேன்.

“இன்னா சார் விசேசம்? வூட்டுக்கு அனுப்பறாங்களா?”

“வலி பூஜ்யம்க்கா இன்னிக்கு.”

“அட்ரா சக்க!” ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றை முந்தானையில் முடிந்தார். “கொயந்த தேறிக்கும் சார். நான் எத்தினி பாத்துக்கீறேன்.”

டப்பாவை அவரிடமே வைத்துவிட்டு, சிஸ்டருக்கென்று ஒரு லட்டை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனேன். சிஸ்டர் அதை வாங்கவில்லை. “அங்க வெச்சிட்டுப் போங்க சார்” என்றார். கண்ணில் கிண்டல் இல்லை.

மனைவி பெட்டிக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“ஏங்க, மறுபடியும் ரத்தம் எடுத்தாங்க. காலை இழுக்கலைங்க.”

“அதான் சொல்றேன், வலியே இல்ல. நான் பூஜ்யம் போட்டேன், சிஸ்டரும்...”

“குத்தினா இழுக்கணும்.” அப்போதுதான் திரும்பினாள். “குத்தினா எல்லாருந்தான் இழுப்பாங்க.”

பட்டறையில் என் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு வாக்கியம் இருக்கிறது. என் கையெழுத்து. நாங்கள் டயல் கேஜ் என்று ஒன்று வைத்திருக்கிறோம். கடிகாரம் மாதிரி வட்ட முகம், ஒரு முள், கீழே ஒரு சின்னக் கால். அந்தக் கால் இரும்பைத் தொட்டால், இரும்பின் மேடுபள்ளத்துக்கு முள் ஆடும். முள் ஆடாமல் பூஜ்யத்தில் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இரும்பில் மேடுபள்ளமே இல்லை. இல்லாவிட்டால் கால் இரும்பைத் தொடவே இல்லை. புதிதாகச் சேருகிறவன் எவனும் முதல் காரணத்தைத்தான் நம்புவான். அதனால்தான் எழுதிவைத்தேன்: ‘முள் அசையாவிட்டால் சந்தோஷப்படாதே. முதலில் கேஜைப் பார்.’

பதினெட்டு வருடமாக அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ரத்தத்தில் கிருமி. தலைக்குள்ளும் கசிந்திருக்கிறது. வயதில் சின்னவர், மெதுவாகப் பேசினார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“இப்ப அவனுக்கு வலிக்குதா, இல்லையா சார்?”

“தெரியாதுங்க.”

“தாள்ல பூஜ்யம் இருக்கே.”

“வலியைக் காட்டறதுக்கும் தெம்பு வேணும். அது இல்லைன்னா தாள்ல பூஜ்யந்தான் வரும். உள்ள என்ன இருக்குன்னு அந்தத் தாளுக்குத் தெரியாது. வலிக்குதுன்னு வெச்சுக்கிட்டுத்தான் மருந்து குடுக்கறோம்.”

மாடிப்படியில் இறங்கும்போது அத்தைகளின் பூங்கொத்து இன்னும் வந்துகொண்டிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் பூஜ்யம். அந்த இரண்டு நாளும் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெட்டிக்கு முன்னால் நின்று, ஒன்று வரட்டும், ஒரே ஒன்று வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளைக்கு வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட தகப்பன் இந்தத் தாம்பரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோயிலில் போய்க் கேட்டிருந்தால் அர்ச்சகர் விரட்டியிருப்பார்.

பதினாறாம் நாள் காலை டாக்டர் எங்களிடம் வந்தார். இனி செய்வதற்கு எதுவும் இல்லை என்றார். “இன்னிக்குக் குத்த வேண்டாம்னு சொல்லிட்டேன். அம்மா மடியில வெச்சுக்கட்டும்.”

ஒரு நாற்காலி போட்டார்கள். சிஸ்டர் ஒயர்களையெல்லாம் ஒதுக்கி, குழாயோடு அவனைத் தூக்கி என் மனைவியின் நெஞ்சில் வைத்தார். பதினாறு நாளில் முதல் தடவை. அவள் ஒரு கையைத் தொப்பி மாதிரி தலைமேல் வைத்துக்கொண்டாள், இன்னொரு கையில் கால்கள். வாசல் அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது. யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது அதில்தான் எனக்குப் புரிந்தது.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். வாய் நின்றால் வேறேதாவது வந்துவிடும் என்று பயம். மூக்கு என் மூக்கு, பாவம் என்றேன். நேரத்துக்கு முன்னால் வந்த முதல் ஆளை நம் குடும்பம் தாங்காது என்றேன். அவள் குனிந்தபோது ஒரு முடி அவன் முகத்தில் விழுந்தது.

அவன் நெற்றி சுருங்கியது. இரண்டு புருவத்துக்கும் நடுவில், நூல் மாதிரி ஒரு மடிப்பு. தாள்படி அது ஒன்று.

“ஏங்க,” என்றாள். “வலிக்குதா அவனுக்கு?”

எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக வேண்டிக்கொண்ட ஒன்று, கண் முன்னால் வந்திருக்கிறது. முடி பட்ட கூச்சமா, உள்ளே ஏதோ கிழிகிறதா, தெரியாது. நிமிர்ந்தேன். சிஸ்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலியெல்லாம் இல்ல,” என்றேன். “முறைக்கிறான். இட்லி கனம் பாத்தப்ப நீ முறைச்சியே, அதே முறைப்பு.”

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. தலைமேல் இருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்துக்கு சிஸ்டர் என்ன எண் போட்டார் என்று நான் பார்க்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பினேன். இரும்பு அளக்கிறேன். போன வருடம் சுவருக்கு வெள்ளையடித்தபோது அந்த வாக்கியம் மறைந்துவிட்டது. “திரும்ப எழுதுப்பா” என்றார் முதலாளி. மெஷின் ஓட்டும் ஒருவரிடம் பிரஷ்ஷைக் கொடுத்து எழுதச் சொன்னேன். சிவப்பு டப்பாவுக்குக் கையெழுத்துக்கூட மறந்துபோச்சு என்று சிரித்தார்கள். லட்டு மாதம் வந்தால் வாங்கி வர வேறு ஆளை அனுப்புகிறேன். சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. வராது என்று சொல்லிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் உட்கார்ந்து என் மனைவி காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் மொத்த மார்க் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வீட்டில் கொடுத்திருக்கும் ஒரே உத்தியோகம் அது. அதையும் அவள் ஒருமுறை சரிபார்ப்பாள்.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “அன்னிக்கு நெத்தியச் சுருக்கினானே. வலிதானே அது?”

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று கேலி நாக்கு வரை வந்தது.

“தெரியல,” என்றேன்.

“அன்னிக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

சிவப்புப் பேனா ஒரு விடைக்கு மேலே அப்படியே நின்றது.

“அன்னிக்கே அப்படிச் சொல்லியிருந்தா,” என்றாள், “கையை எடுத்திருக்க மாட்டேன்.”

பிறகு அந்த விடைக்கு ஏதோ மார்க் போட்டு, தாளை என் பக்கம் தள்ளினாள். கூட்டினேன். மூன்று முறை கூட்டியும் மூன்று விதமாக வந்தது. அவள் வாங்கி, தானே கூட்டி எழுதிக்கொண்டாள்.